குதிரைமணிக் கொடியும் நல்ல மனசுக்காரர்களும்

என் அக்கா மிசாயோவுக்குக் கோபம் வந்தால் குனிந்து வணங்குவாள். கோபம் அதிகமானால் இன்னும் கொஞ்சம் தாழக் குனிவாள். அறுபது வயது வரைக்கும் அவள் முதுகுதான் பேசியிருக்கிறதே தவிர வாய் பேசியதில்லை. சோயா சாஸ் ஆலையில் பாட்டில் பார்க்கும் வேலை அவளுக்கு. வெளிச்சப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, நகர்ந்து போகிற பாட்டில்களில் தூசி துரும்பு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவள் அரட்டையடித்துக்கொண்டு கோட்டைவிட்ட பாட்டிலுக்கும் இவள்தான் மேஸ்திரியிடம் போய்க் குனிந்துவிட்டு வருவாள். "நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டால், "அவளுக்கும் சங்கடமா இருக்கும்ல" என்பாள். நான் அப்படியில்லை. புருஷனிடம் சொல்ல வேண்டியதை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு, ஒரே பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அன்றிலிருந்து இசோபே குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குக் கீழே இருக்கிற இந்த வீட்டில்தான் இருக்கிறோம். ஒருத்தி வாயைத் திறக்காமல், இன்னொருத்தி மூடத் தெரியாமல்.

அப்படிப்பட்டவள் ஆசைப்பட்டு நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கரை மேல் சைக்கிளில் வேலைக்குப் போகிற மே மாதக் காலைகளில், கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் புல்லுக்கு ஒரு முழம் மேலே மெதுவாக மிதந்து போகும். கஸ்தூரி அழகி என்று பெயர். ஆண் பூச்சியைப் பிடித்துப் பார்த்தால் விரலில் வாசனை ஒட்டிக்கொள்ளும். மற்றதுகள் மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளாது, அவசரமே இல்லாத ஜன்மம். அக்காவுக்குத்தான் அவசரம். ஆலைச் சங்கு ஊதிவிடும் என்ற பயத்தில் ஒரு நாளும் இறங்கி நின்று பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று ஆலையில் கொடுத்த பூங்கொத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, "கயோ, அந்தக் கறுப்புப் பூச்சி நம்ம தோட்டத்துல பொறக்கணும்டி" என்றாள். வந்து உட்கார வேண்டும் என்றுகூட இல்லை, பிறக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பூச்சியின் புழு தின்பது ஒரே ஒரு கொடியை. குதிரைமணிக் கொடி. காய் பழுத்து வெடித்துத் தொங்கும்போது குதிரை கழுத்து மணி மாதிரி இருக்கும். அதை விட்டால் அழகு என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது, கசக்கினால் நாற்றம் வேறு. கரைப் புல்லுக்குள் தானாக முளைத்துக் கிடக்கிற அந்தச் சனியனை வீட்டில் முளைக்க வைக்க அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் வருஷம் தோண்டும்போது வேர் ஒடிந்தது. அடுத்த வருஷம் விதை போட்டாள், ஒன்றும் முளைக்கவில்லை. நாற்றுப் பண்ணைக்காரரிடம் கேட்டதற்கு, "அம்மா, நாங்க அதைச் சாகடிக்கத்தான் மருந்து விக்கறோம்" என்றார். பிறகு ஒரு வழியாகக் கொடி பிடித்துக்கொண்டது, பூச்சி வரவில்லை. பூச்சிக்குத் தேன் வேண்டுமே என்று கரையிலிருந்து ஊதாப்பூ முட்செடிகளைக் கொண்டுவந்து வாசல் ஓரமாக வைத்தாள். தபால்காரரின் கால்சட்டை கிழிந்தது. அதற்கும் போய்க் குனிந்தாள். அந்த வசந்தத்தில் பூச்சி வந்தது. தேனைக் குடித்தது. குடித்துவிட்டு முட்டையிடக் கரைக்கே திரும்பிப் போனது. அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்குள் அம்மா காலத்தில் பந்து பந்தாகக் கத்தரித்து வைத்திருந்த அசேலியாப் புதர்கள் போய், எங்கள் தோட்டம் கரையின் ஒரு துண்டு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் யாரும் "களையை வெட்டுங்க" என்று சொல்ல மாட்டார்கள். "இசோபே சான் தோட்டம் ரொம்ப இயற்கையா இருக்கு" என்பார்கள், பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து. தமாகி சான் ஒரு படி மேலே போய், "நல்ல உயிரோட்டம். பாம்புகூட சந்தோஷமா இருக்கும்" என்றார். தமாகி சான் எங்கள் தெருக் குழுவுக்குத் தலைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுவதற்குப் பஸ் இல்லாததால் தெருவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் மே மாதக் கடைசியில்தான் அது நடந்தது. காலையில் அக்கா ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்ததில் கையில் இருந்த மிசோ சூப்பைக் கொட்டிக்கொண்டேன். கொடியின் இலைக்கு அடியில் குங்கும நிற மணிகள் ஒட்டியிருந்தன. முட்டைகள். ஒன்றிரண்டு அல்ல, இலைக்கு இலை. பிறகு புழுக்கள் வந்தன. கறுப்பு உடம்பில் முள்ளு முள்ளாகச் சதை, இடுப்பில் வெள்ளை ஒட்டியாணம். பார்க்கச் சகிக்காது. அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்டுங்க, நல்லா சாப்டுங்க" என்று விருந்தாளியை உபசரிப்பது போல உபசரித்தாள். இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டிவிடும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது பார்த்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஷிகோகுத் தீவில் எங்கள் சித்தப்பா செத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. எங்கள் தெருவின் புல்வெட்டு ஞாயிறும் அதே ஞாயிறுதான். ஊரே கழுத்தில் துண்டோடு கரையில் இறங்கும் நாள். வர முடியாது என்று சொல்லாமல் போக முடியுமா? அக்கா தமாகி சான் வீட்டு வாசலுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"இந்த நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சு. எங்க பங்கையும் உங்க தலையில கட்டிட்டுப் போறோம், மன்னிக்கணும்."

"சாவுக்குப் போறவங்க இதையெல்லாம் நெனைக்கலாமா, இசோபே சான்? நாங்க பாத்துக்கறோம்."

"அதோட எங்க தோட்டம் வேற பாக்கவே அசிங்கமா கெடக்கு. தெருவுக்கே அவமானம். வெக்கமா இருக்கு."

"சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

இதில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கிடையாது. இங்கே எல்லோரும் பேசுவது இப்படித்தான். நம் வீடு குடிசை, நம் டீ வெந்நீர், நம் பிள்ளை மண்டு. எதிராளி சேச்சே என்றதும் பேச்சு முடிந்தது, அவரவர் வேலையைப் பார்க்கலாம். ஆனால் தமாகி சானுக்குச் சொல்லாததையும் புரிந்துகொள்கிறவர் என்ற பெருமை உண்டு. பயணி மணியை அழுத்துவதற்கு முன்பே நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்துவாராம். இழவுக்குப் போகிறவள் கேட்காமலே தன் தோட்டத்தைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று யோசித்திருக்கிறார். பாவம், உதவி கேட்க வாய் வரவில்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை மத்தியானம் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தோட்டம் மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. கொடி இல்லை, முட்செடி இல்லை, ஒரு புல் இல்லை. தரை முழுக்க, களை முளைக்காமல் இருக்க விரிக்கிற கறுப்பு விரிப்பு. அதன்மேல் வெள்ளைச் சரளைக் கல். கல்லைக்கூட சும்மா கொட்டவில்லை, வாரியால் கோடு கோடாக வாரிவிட்டிருந்தார்கள். அக்கா கறுப்புத் துக்க உடையோடு வாசலிலேயே நின்றாள். தமாகி சான் எங்கிருந்தோ ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பூங்காவுக்கு வாங்கின விரிப்புல மிச்சம் இருந்துச்சு. எல்லாருமா சேந்து சாயங்காலம் வரைக்கும் செஞ்சோம். இனி உங்களுக்குக் கவலையே இல்ல. வருஷக் கணக்கா ஒரு புல்லு மொளைக்காது."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். பிறகு குனிந்தாள். தலை முழங்காலைத் தொடுமோ என்று பயந்துவிட்டேன், அவ்வளவு தாழ. "ரொம்ப... ரொம்ப நன்றி" என்றாள். அவ்வளவு கோபமாக அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. தமாகி சான், "சேச்சே" என்றார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா ஓட ஆரம்பித்தாள். தெரு முனையில் குப்பை வைக்கிற இடத்தில், வலைக்கு அடியில் மூட்டை மூட்டையாகப் புல் கிடந்தது. மறுநாள் காலையில் லாரி வந்து அள்ளிவிடும். அக்கா முதல் மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டினாள். நானும் ஒன்றைப் பிரித்தேன். வாடிப்போன கொடிகளுக்குள் சில புழுக்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம். தமாகி சான்தான், கூட இரண்டு பெண்கள்.

"ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? புழுவைத் தேடுகிறோம், நீங்கள் வெட்டியது களை இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அக்கா எழுந்து நின்றாள். "வீட்டுச் சாவி... தோட்டத்துல விழுந்திருக்கும்போல இருக்கு" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "ஐயையோ, எங்களால வந்ததா?" என்று மூன்று பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். இல்லாத சாவியைத் தெருவே தேடியது. "ச்சீ, விஷப் புழு! கையை வச்சிடாதீங்க!" என்று தமாகி சான் ஒன்றைக் காலால் தேய்த்தார். "பாத்து, இசோபே சான், இங்கயும் ஒண்ணு" என்று இன்னொன்றையும் தேய்த்தார். அக்கா ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னாள். கடைசியில் நான் என் பையிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டி, "கெடச்சிடுச்சு, எல்லாரும் போங்க!" என்று கத்தினேன். அவர்கள் கை தட்டினார்கள்.

அக்கா யாருக்கும் தெரியாமல் மேல்சட்டைப் பைகள் இரண்டிலும் போட்டுக்கொண்டிருந்த புழுக்களைச் சேர்த்து, நூடுல்ஸ் வடிக்கிற மூங்கில் கூடையில் போட்டு வலையால் மூடினோம். கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். வாடிய இலையை அன்று இரவுக்குள் தின்று தீர்த்துவிட்டு, மறுநாள் ஒன்றையொன்று கடிக்கப் பார்த்தன.

"விரிப்பைப் பிச்சுப் போடுவோம்க்கா. வேர் உள்ளதானே இருக்கு, மொளைச்சு வரும்" என்றேன்.

"தோட்டம் தெருவைப் பாத்து இருக்குடி. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டுமே."

"நன்றின்னு சொல்லிட்டு, அதையே பிச்சுப் போடறதா? மூஞ்சியில அறையற மாதிரி ஆயிடும். அவங்க நல்ல மனசோட செஞ்சது, கயோ."

அன்று காலையிலேயே அவள் ஸ்டேஷன் கடையிலிருந்து பயற்றம் பூரணம் வைத்த மஞ்சூ பெட்டிகளை வாங்கிவந்து, புல் வெட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொன்றவர்களுக்குப் பலகாரம். கேட்டால் வழக்கமாம். பெட்டிகளை நான் சுமந்தேன், ஆத்திரத்தில் ஒன்றை வழியிலேயே பிரித்துத் தின்றுவிட்டேன்.

கரையில் தேடிப் போனோம். அதையும் ஒட்ட வெட்டியிருந்தார்கள். குதிரைமணிக் கொடி மிச்சம் இருந்தது ஒரே இடத்தில்தான். அந்த இடத்தை நினைத்ததும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

தெருக் கோடியில் இருக்கிற உராபே சான் வீடு அது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம், புல்வெட்டுக்கு வரவில்லை என்று யாரோ அவர் காதுபடப் பேசப்போய், மனுஷர் தெருக் குழுவிலிருந்தே விலகிவிட்டார். அந்த அம்மாள் செத்துப்போன பிறகு அவர் வீட்டு வேலிக்குள் அரிவாள் பட்டதில்லை. யாரோடும் பேச்சு இல்லை. அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் தெருவே பெருமூச்சு விடும், அதில் அக்காவின் பெருமூச்சும் சேர்த்தி. இப்போது அந்த வீட்டு வாசலில் கூடையோடு போய் நின்றாள். கதவை இழுத்துத் திறந்த உராபே சான், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"திடீர்னு வந்து தொந்தரவு பண்றோம், மன்னிக்கணும். இந்தப் பக்கமா வந்தோம்... உங்க தோட்டம் ரொம்ப... செழிப்பா இருக்கு."

அவர் முகம் இறுகியது. "தமாகி அனுப்பினாரா?"

"ஐயோ, இல்லீங்க. ரொம்ப இயற்கையா இருக்குனு..."

கதவு சாத்திக்கொண்டது. சாத்தாமல் என்ன செய்யும்? எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அக்கா சாத்திய கதவுக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பினாள். எனக்கு வந்த எரிச்சலில் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

"உராபே சான்! எங்களுக்கு உங்க களை வேணும்! எங்க புழு பட்டினியா கெடக்கு!"

கதவு ஒரு சாண் திறந்தது. "என்ன கெடக்கு?"

"புழு." கூடையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கா அந்தம்மா இவ்வளவு சுத்தி வளைச்சாங்க?"

"அவ அப்படித்தான். அவளுக்கும் சேத்து நான்தான் பேசறேன்."

"வேலிப் பக்கம் நெறைய இருக்கு, கொண்டுபோய் விடுங்க. வீட்டுக்குள்ள வராதீங்க, கூட்டாம கெடக்கு" என்றார். அவர் சொன்னது நிஜம். உண்மையிலேயே கூட்டாமல்தான் கிடந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்கு விடிந்தால் உராபே சான் வேலிதான். முதலில் அவர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு ஒரு காலை, பீர் பாட்டில் வைக்கிற காலிப் பெட்டி ஒன்று வேலியோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உட்காரத்தான். யார் வைத்தது என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புழுக்கள் கொடியை விட்டு இறங்கி அவர் வீட்டுச் சுவரில் ஏறிக் கூடு கட்டின. கையைப் பின்னால் கட்டிப்போட்ட பெண் மாதிரி இருக்கும் அந்தக் கூடு.

"என் சுவத்துல குடி வந்துட்டாங்க" என்றார் உராபே சான்.

அக்கா எழுந்து குனிந்தாள்.

"கும்புடு இருக்கட்டும். எப்ப காலி பண்ணுவாங்க?"

அக்கா சிரித்ததை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலை, அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பொறந்துடுச்சு."

"அப்புறம் என்ன, சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"அவர் வீட்டுல பொறந்துச்சு" என்றாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. செத்துப்போக இருந்ததுகள் பிழைத்துப் பறந்ததற்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் தவம் கிடந்தது இவள், பிரசவம் நடந்தது அங்கே. அதைவிடக் கொடுமை, நாலைந்து நாள் கழித்து ஒரு பெண் பூச்சி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பூச்சி வெள்ளைச் சரளைக்கு மேலே தாழ வந்தது, கொடி இருந்த இடத்தில் சுற்றியது, மறுபடி சுற்றியது. உட்கார ஒரு இலை இல்லை. தெருவைத் தாண்டி உராபே சான் வீட்டுப் பக்கம் போய்விட்டது. அக்கா ஈரத் துணியைப் பிழிந்தபடியே நின்றாள், பிழியத் தண்ணீர் இல்லாத பிறகும் பிழிந்தாள். "இப்பவாவது பிச்சுப் போடலாமா?" என்றேன். "போன வாரம்தான் தமாகி சான் வந்து கல்லைச் சரி பண்ணிட்டுப் போனார்டி" என்றாள், அழுகிற குரலில்.

இப்போது உராபே சான் வேலிக் கொடியில் குங்கும மணிகள் ஒட்டின. ஆகஸ்டில் மூதாதையர் பண்டிகை வருகிறது, வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், அதற்கு முன் தெரு சுத்தமாக வேண்டும் என்று தமாகி சான் கிளம்பினார். கரையை மறுபடி ஒட்ட வெட்டியாயிற்று. பிறகு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் அடுக்களையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"நீங்க உராபே சான்கிட்ட பேசறீங்களாமே. நல்ல விஷயம். அந்தக் காடுதான்... உங்களுக்கும் பாக்கக் கஷ்டமாத்தானே இருக்கும்?"

"ஆமாமா, கஷ்டந்தான். எல்லாருக்கும் தொந்தரவு, மன்னிக்கணும்" என்றாள் அக்கா.

அவர் போனதும் கரண்டியோடு வெளியே வந்தேன். "ஏன்க்கா ஆமான்னு சொன்னே? வாயில என்ன, மஞ்சூவா?"

"வேற என்ன சொல்றது? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி."

சும்மா ஒரு பேச்சு. அது இந்தத் தெருவில் என்னவெல்லாம் செய்யும் என்று கண்ணால் பார்த்த பிறகும் அவளுக்குப் புத்தி வரவில்லை. அடுத்த நாள் தமாகி சான், பல வருஷத்துக்குப் பிறகு உராபே சான் வேலியருகே நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பெருந்தன்மையாக ஏதோ சமாதானம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்காவோடு நானும் போனேன். வேலி தெரிந்தது. வேலிக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. உராபே சான் கையில் அரிவாளோடு, சலவை மடிப்புக் கலையாத புதுத் துண்டு கழுத்தில் சுற்றி, வியர்வை வழிய நின்றிருந்தார். அந்த மனுஷர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"வேரோட பிடுங்கிட்டேன். அந்தத் தமாகி சொன்னான்னு செய்யலை. இசோபே சானுக்கே கஷ்டமா இருக்குனு கேள்விப்பட்டேன். பூச்சிதான் பறந்து போச்சே, இனி எதுக்கு அந்தக் குப்பைன்னு..."

அவர் காலடியில் கொடிகள் குவிந்து கிடந்தன. திரும்பிக் கிடந்த இலைகளில் சிவப்பு மணிகள். அக்காவின் முதுகு வளைய ஆரம்பித்தது. எனக்குத் தெரியும், இப்போது நன்றி சொல்லப் போகிறாள் என்று. அவளைப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது. பாதி வளைந்த முதுகு அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்தது.

"முட்டை இருக்கு!" என்று கத்தினாள். "அதுல முட்டை போட்டிருக்கு உராபே சான்! யாரைக் கேட்டு வெட்டினீங்க? எனக்குக் கஷ்டம்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா? என்ன மனுஷங்க நீங்கல்லாம்! ஏன் எல்லாத்தையும் வெட்டறீங்க!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அக்காவின் குரல் இவ்வளவு பெரியது என்று அக்காவுக்கே தெரியாது, கத்தி முடித்துவிட்டு யார் கத்தியது என்பது போல விழித்தாள். உராபே சான் கோபப்படவில்லை. அரிவாளைச் சுவரோரம் வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இதுல ஒரு வார்த்தையை முன்னாடியே சொல்லியிருந்தா, நான் வெட்டியிருப்பேனா, இசோபே சான்?"

அக்கா மண்டியிட்டு முட்டை இருந்த இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவரும் உட்கார்ந்து பொறுக்கினார். ஒரு வாரத்தில் பொரித்துவிடும். பொரித்த வாய்க்கு இலை வேண்டும். கரை மொட்டை, இந்த வேலி வேரோடு போயிற்று. நாங்கள் அறிந்த வரையில் குதிரைமணிக் கொடியின் வேர் அரிவாள் படாமல் மறுபடி துளிர்த்திருக்கக்கூடிய இடம் இனி ஒன்றே ஒன்றுதான்.

அக்கா எழுந்தாள். எங்கள் வீட்டுக்கு நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள். சரளையைக் கையாலேயே வாரித் தள்ளினாள். விரிப்பின் ஓரத்தில் அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நல்ல வெயில், தெருவெல்லாம் ஆட்கள். ஒரு பக்கம் விரிப்பு கிழிந்து எழுந்தது. அடியில், இருட்டில் முளைத்து மேலே வர வழியில்லாமல், வெளிறிப்போன தளிர்கள் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. நிறம் இல்லை. ஆனால் உயிர் இருந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். நானும்தான்.

தமாகி சான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார்.

"அட, இவ்வளவு செஞ்சும் களை சாகலையா? நல்லவேளை பாத்தீங்க. இன்னொரு அடுக்கு விரிப்பு கெடக்கு, இப்பவே கொண்டாந்து..."

"வேணாம்" என்றாள் அக்கா.

எங்கள் தெருவில் அப்படி யாரும் சொல்வதில்லை. பரவாயில்லை என்போம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்போம். தமாகி சான் காதில் விழுந்ததை நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

"இல்ல, உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு..."

"இது களை இல்ல, தமாகி சான். நான் நட்டது. வேர் பிடிக்க வருஷக் கணக்கா ஆச்சு. எனக்கு இது வேணும். இனி யாரும் இதுல கை வைக்காதீங்க."

 சொல்லிவிட்டு அவள் குனியவில்லை. தமாகி சான் வாடிக்கையான வணக்கம்கூடச் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். உராபே சான் முட்டை இலைகளைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்தைப் பிடிடி" என்றாள் அக்கா. "வெயில் இருக்கும்போதே பிரிச்சிடலாம்."